ரோதைக் கப்பலில் கட்டிய சிவப்புத் துணி

அத்தியாயம் 4

"குடிச்சவன் குடிக்கலேன்னு சத்தியம் பண்றதை இருபத்தெட்டு வருசமா கடைசி பஸ்ஸுல கேட்டிருக்கேன் மிஸ். குடிக்காதவன் குடிச்சேன்னு சத்தியம் பண்றதை இன்னைக்குத்தான் கேக்குறேன்" என்றார் முத்துலிங்கம்.

டெல்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். எதிரே இருக்கிற பெண்ணின் புருஷன் விளக்கமறியல் சிறையில் கிடக்கும்போது நக்கல் வேண்டாம் என்று அதற்கு அர்த்தம். முத்துலிங்கம் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

டெல்சி பதினொரு வருஷம் ஒரு காப்புறுதிக் கம்பனியில் விபத்துகளை விசாரித்தவள். மேலதிகாரியின் மைத்துனனுடைய பொய்க் கணக்கையும் சேர்த்து விசாரித்ததால் வேலை போயிற்று. இப்போது ஹட்டனில் ஒரு ஆணிக்கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். முத்துலிங்கம் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். ஹட்டன், மஸ்கெலியா பாதையில் அவருக்குத் தெரியாத முகம் கிடையாது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தால் பெண்டாட்டி கையால் சாவு நிச்சயம் என்று சொல்லிக்கொண்டு டெல்சியிடம் வந்து சேர்ந்தவர்.

அவர்கள் உட்கார்ந்திருந்தது ஆர்ட்லின் தேயிலைத் தோட்டத்து மேட்டு லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில். எதிரே சண்முகவடிவு. ஐம்பது வயது இருக்கும். கொழுந்துக் கறை ஏறிய விரல்களால் முந்தானையை முறுக்கியபடி இருந்தாள்.

"எங்க ஊட்டுக்காரரு வாயில சாராயம் பட்டதே இல்லீங்க மிஸ். கல்யாணத்துக்குக்கூட குடிக்கல. ஆனா பொலிசுல 'குடிச்சிருந்தேன், போட்டை மோதிட்டேன்'னு அவரே எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்கு ஹட்டன் கோர்ட்டுல குத்தத்தை ஒத்துக்கப் போறாராம். நான் கேட்டா மூஞ்சியைத் திருப்பிக்கிறாரு."

நடந்தது இவ்வளவுதான். தோட்டத்துக்கும் டவுனுக்கும் நடுவே அணைத் தண்ணீர் கிடக்கிறது. ரோட்டில் சுற்றினால் ஒன்றரை மணி நேரம், படகில் இருபது நிமிஷம். சண்முகவடிவின் புருஷன் கணேசமூர்த்தி பதினெட்டு வருஷமாகப் படகு ஓட்டுகிறவர். பதினொரு நாளைக்கு முன், விடியற்காலைப் பனியில், ஆறு பேரை ஏற்றிக்கொண்டு போனபோது படகு எதிலோ ஏறிக் கவிழ்ந்தது. ஐந்து பேர் பிழைத்தார்கள். முன்பள்ளி டீச்சர் தனுஷிகா பிழைக்கவில்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. கரையில் பொலிஸ் வந்தபோது கணேசமூர்த்தியின் மேல் சாராய வாடை அடித்தது.

"பனியில பாதையை எப்படிக் கண்டுபிடிப்பார்?" என்று கேட்டாள் டெல்சி.

"துணிதாங்க மிஸ். தண்ணிக்கடியில பழைய மரத்துக் கட்டைங்க நிக்குது. எங்கெங்க கட்டையோ அங்க ஒரு கம்பை நட்டு செவப்புத் துணி கட்டி வச்சிருப்பாரு. வேற நெறம் பனியில தெரியாது. வருசா வருசம் துணி நான்தான் குடுப்பேன். இந்த வருசம் தீபாவளிச் சேலையைத்தான் எட்டாக் கிழிச்சேன்."

முத்துலிங்கம் கோப்பையைக் கீழே வைத்தார். "ரோட்டுல வேன் ஓட்டுறானே சுமன், உங்க ஊட்டுக்காரரு போட்டு நின்னுட்டா அவன் வேன்ல நிக்க எடமிருக்காதே?"

"அதான் இப்ப ரெண்டு வேன் விட்டிருக்காங்க" என்றாள் சண்முகவடிவு. அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம்கூட இல்லை.

முத்துலிங்கம் டெல்சியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சுமன் பேருக்கு டிக்கட் கிழித்தாகிவிட்டது, ஆள் ஏறவேண்டியதுதான் பாக்கி என்பது அவர் எண்ணம்.

*

அவர்களைத் தண்ணீரில் கூட்டிப்போனவன் கிஷாந்த். இன்னொரு படகுக்காரன். அன்றைக்குக் கூக்குரல் கேட்டு முதலில் ஓடிவந்தவனும் அவன்தான்.

"சாராயம் நான்தாங்க மிஸ் ஊத்துனேன்" என்றான், கேட்பதற்கு முன்பே. "கணேசண்ணே வெறைச்சுப்போய்க் கெடந்தாரு. பல்லு கிட்டிக்கிச்சு. எங்கிட்ட கால் போத்தல் இருந்துச்சு. பாதி வாயில, பாதி நெஞ்சுல. பொலிசுகிட்டயும் சொன்னேன். அவருதான் 'இல்ல, நான் முன்னாலயே குடிச்சேன்'னுட்டாரு."

"அப்ப வாடைக்குக் கணக்கு தீர்ந்துச்சு" என்றார் முத்துலிங்கம். "பொய்க்குத்தான் கணக்கு வேணும்."

பகல் பதினோரு மணி. தண்ணீர் தெளிவாகக் கிடந்தது. டெல்சி சிவப்புத் துணிகளை எண்ணிக்கொண்டே வந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொரு துணியையும் இடது கைப்பக்கம் விட்டு, ஒட்டினாற்போலக் கிஷாந்த் படகைச் செலுத்தினான்.

"ஏன் இவ்வளவு கிட்டக்கப் போறீங்க?"

"துணின்னா துடுப்புத் தூரம் ஒட்டிப் போகணும் மிஸ். விலகினா அந்தப் பக்கத்துக் கட்டை குத்தும். கட்டை ஒத்தை மரந்தானே, துடுப்புத் தூரம் போதும்."

ஏழு துணி எண்ணி முடித்தபோது அக்கரை தெரிந்தது. பாதையில் கட்டையும் ஏழுதான் என்றான் கிஷாந்த். டெல்சி படகைத் திருப்பச் சொன்னாள். மோதிய இடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள்.

நாலாவது துணிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில், கொஞ்சம் விலகி, தண்ணீருக்கு மேலே இரும்புக் கம்பி ஒன்று முழ நீளத்துக்கு நின்றது. அதிலும் சிவப்புத் துணி. அடியில், பச்சைத் தண்ணீருக்குள், பெரிய தட்டையான இரும்பு மேனி ஒன்று கிடந்தது. அதன் நடுவே ஆளுயர இரும்புச் சக்கரம், ரோதை.

"இது என்ன?" என்றாள் டெல்சி.

"ரோதைக் கப்பல்" என்றான் கிஷாந்த்.

முத்துலிங்கத்துக்கு அந்தக் கதை தெரியும். அணை கட்டித் தண்ணீரை ஏற்றியபோது ஒரு காடே தண்ணீருக்குள் நின்றுபோயிற்று. படகு போக வழி வேண்டும் என்று, ரோதையும் இரும்பு வடமும் பூட்டிய இந்தத் தட்டைக் கப்பலைக் கொண்டுவந்து அடிக்கட்டைகளைப் பிடுங்கினார்கள். டவுனிலிருந்து தொரை பங்களா வரைக்கும் சுத்தமாகப் பிடுங்கினார்கள். தொரையின் விருந்தாளிகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்ப் படகில் உலாத்த வேண்டுமல்லவா! லயத்துப் பக்கம் திரும்புகிற நேரம் பார்த்து வேலை நின்றது. கப்பலை அப்படியே விட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். அது ஓட்டையாகி உட்கார்ந்தது. வடத்தின் நுனி இன்னமும் ஒரு கட்டையில் மாட்டியபடி இருக்கிறதாம். அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அன்றிலிருந்து லயத்து ஜனங்களுக்குப் பாதை காட்டுவது கிழிந்த சேலைதான்.

"வழி திறக்க வந்தது வழியை அடைச்சிக்கிட்டுக் கெடக்குது. நம்ம தலைவருங்க மாதிரியே" என்றார்.

டெல்சி சிரிக்கவில்லை. கம்பியையே பார்த்தாள். "இதுக்கும் துணி கட்டுவாரா?"

"இல்லீங்களே. இது மொட்டைக் கம்பி. மொட்டைக் கம்பின்னா தூர விலகு, துணின்னா ஒட்டிப் போ. எங்களுக்கு அதான் பாடம்."

"இப்ப துணி இருக்கே?"

கிஷாந்த் தலையைச் சொறிந்தான். "இது சாமித் துணிங்க மிஸ். போன மாசி வெயில்ல தண்ணி வத்தி, கப்பல் முழுசா வெளிய வந்துச்சு. ரோதையைப் பாத்ததும் எல்லாரும் கும்பிட ஆரம்பிச்சிட்டாங்க. பொட்டு வச்சு, கோழி அறுத்து, பொங்கலும் வச்சோம்."

டெல்சி புரியாமல் முத்துலிங்கத்தைப் பார்த்தாள். அவள் கத்தோலிக்கப் பெண், டவுனில் வளர்ந்தவள்.

"ரோதமுனி மிஸ். தேயிலை அரைக்கிற ஸ்டோர்ல மெசின் ரோதையில முனி குடியிருக்குன்னு கும்பிடுறது எங்க வழக்கம். குறை வச்சா கையைக் கேக்கும். ரோதை எங்க சுத்துதோ அங்க முனி. சுத்தாட்டியும் முனி. சும்மா நிக்கிற சாமிக்குத்தானே நம்மாளுங்க அதிகமா செலவழிப்பாங்க."

மழை வந்தது, தண்ணீர் ஏறியது. கப்பல் முங்கியது. கம்பியின் தலையும் அதில் கட்டிய துணியும் மட்டும் மேலே நின்றன. பனிக்குள்ளிருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு கட்டையின் அடையாளம். துடுப்புத் தூரம் ஒட்டிப் போனால் ஒற்றை மரத்தைத் தாண்டலாம், இருபது முழக் கப்பலைத் தாண்ட முடியாது. படகு நேரே இரும்பு மேனியில் ஏறும்.

"ஆக, சுமன் ஒரு துணியைக் களவெடுத்து இங்க கட்டியிருக்கான்" என்று டெல்சியின் காதோடு சொல்லித் தொடையில் தட்டினார் முத்துலிங்கம். "சாமி கும்பிடுற மாதிரி கும்பிட்டு ஆளைக் கவுத்திட்டான். கள்ளப் பயல்!"

"சுமன் எடுத்திருந்தா ஏழுல ஒண்ணு குறையணும் அண்ணே. ஏழும் இருக்கு. இது எட்டாவது" என்றாள் டெல்சி, அதே தணிந்த குரலில்.

அவள் எழுந்து நின்று, படகு ஆட ஆட, கம்பியிலிருந்த துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"சாமிக்குக் கட்டினதை அவுக்கக் கூடாதுங்க மிஸ்!" என்று பதறினான் கிஷாந்த். "யாரு கட்டினது, மிஸ்ஸுக்குத் தெரியுமா?"

"கேஸுக்கு வேணும்" என்றாள் டெல்சி. அதற்கு மேல் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் விட்டதற்காக மறுநாள் அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

துணியின் ஒரு மூலையில் முடிச்சு இருந்தது. மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிய முடிச்சு. அதற்குள் ஒரு ஐந்து ரூபாய் நாணயக் குத்தி, மஞ்சள் ஏறிப்போய்.

"கட்டைக்கு யாரும் நேந்துக்கிட்டுக் காசு முடியிறதில்லை மிஸ்" என்று சொல்ல ஆரம்பித்த முத்துலிங்கம் பாதியில் நிறுத்தினார். காலையில் காம்பராவில் கேட்ட ஒரு வார்த்தை அவர் காதுக்குள் திரும்ப ஒலித்தது. எட்டாக் கிழிச்சேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கேட்டார். "அந்தம்மா நல்லதுக்குத்தானே கட்டுனாங்க?"

"புருசன் போட்டுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு கட்டியிருப்பாங்க" என்றாள் டெல்சி. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அந்தத் துணிதான் போட்டைக் கவுத்துச்சுன்னு அவங்களுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்னு நினைக்கிறேன்."

*

மறுநாள் காலை, ஹட்டன் நீதிமன்றத்தின் பின்பக்கச் சிறைக்கூடு. கணேசமூர்த்தியின் லோயர் சொல்லி வைத்திருந்ததால் பத்து நிமிஷம் கிடைத்தது. முத்துலிங்கம் காவலாளியிடம் சிங்களத்தில் பழைய பஸ் கதை இரண்டைச் சொல்லி அதைப் பதினைந்து நிமிஷமாக்கினார்.

கணேசமூர்த்தி கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். ஒல்லியான மனிதர், துடுப்புப் போட்டுக் காய்த்த கை.

"நான்தான் குடிச்சேன்னு சொல்லிட்டேனே. இன்னும் என்ன?"

"எங்க வாங்குனீங்க?" என்றாள் டெல்சி.

"மஸ்கெலியா கடையில."

"எப்ப?"

"போட்டு எடுக்கிறதுக்கு முன்னால."

"விடியக்காலம் அஞ்சரைக்கு எந்தக் கடைண்ணே தெறந்திருக்கு?" என்றார் முத்துலிங்கம். "பேரைச் சொல்லுங்க, நானும் தெரிஞ்சு வச்சுக்கிறேன்."

கணேசமூர்த்தி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டெல்சி கையை நீட்டி விரித்தாள். உள்ளங்கையில் சிவப்புத் துணியும் மஞ்சள் ஏறிய குத்தியும் இருந்தன.

அவர் பார்த்தார். எழுந்து கம்பியைப் பிடித்தார்.

"இதை அவ கண்ணுல காட்டிறாதீங்க மிஸ். உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

"அன்னைக்கே பாத்துட்டீங்க."

"கவுந்ததும் கையில மாட்டுனது அந்தக் கம்பிதாங்க. பனியில அதைக் கட்டைத் துணின்னு நெனச்சுத்தான் ஒட்டி ஓட்டினேன். துணியைப் புடிச்சேன், உள்ள காசு. மூணு சுத்து முடிச்சு. முப்பது வருசமா எனக்குச் சோத்துப் பொட்டலம் கட்டுற முடிச்சு, எனக்குத் தெரியாதா? அந்த டீச்சர் புள்ளை 'மாமா, மாமா'ன்னு கூப்பிட்டுச்சு. என் கைக்கு எட்டல."

"அந்தக் கப்பல் மேல பழியைப் போடலாமே" என்றாள் டெல்சி. "விட்டுட்டுப் போனவங்க தப்பு அது."

"போட்டா கேஸ் நடக்கும். மொட்டைக் கம்பியில துணி எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்க. அது யாரு சேலைன்னு தோட்டத்துல சின்னப் புள்ளைக்கும் தெரியும். நான் குடிச்சேன்னா இன்னைக்கே முடிஞ்சுரும். எனக்கு ரெண்டு வருசமோ மூணு வருசமோ, வெளிய வர ஒரு தேதி இருக்கும். இது தெரிஞ்சா அவளுக்குத் தேதியே இல்லீங்க மிஸ்."

வெளியே வந்ததும் டெல்சி சுவரில் சாய்ந்து நின்றாள். "என்ன செய்றது அண்ணே?"

"வாயை மூடிக்கிட்டு வீட்டுக்குப் போறது" என்றார் முத்துலிங்கம். "ஒரு மனுசன் தன் பேரைக் கெடுத்துக்கிட்டு ஒண்ணை வாங்குறான். அதைப் புடுங்க நமக்கு என்ன ரைட் இருக்கு?"

டெல்சி தலையாட்டினாள். துணியைக் கைப்பைக்குள் திணித்து மூடினாள். கண்டுபிடித்த ஒன்றை வாழ்க்கையில் முதல் தடவையாக மறைக்கிறோம் என்று அவளுக்கே அருவருப்பாக இருந்திருக்கும். முகத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது.

*

முன் வாசல் தகரக் கொட்டகையில் சண்முகவடிவு சோற்றுப் பொட்டலத்தோடு காத்திருந்தாள். அவர்களைக் கண்டதும் எழுந்தாள்.

"மிஸ், நீங்க அந்தக் கம்பித் துணியை அவுத்துட்டீங்கன்னு கிஷாந்த் தம்பி சொன்னாரு. எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு. அது நான் நேந்துக்கிட்டுக் கட்டுனது. அது இருந்ததாலதான் இவரு உசிரோட வந்தாருன்னு நெனச்சேன். இன்னைக்குப் பாத்து அது இல்லாமப் போனா எப்படி? அதான் விடியக்காலம் தம்பி போட்டுல வரும்போதே, மிச்சமிருந்த முந்தானையைக் கிழிச்சு வேற ஒண்ணு கட்டிட்டு வந்தேன்."

முத்துலிங்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக் கீழ் டிவிசன் படகு இரண்டு மணிக்கு அந்த வழியாகத்தான் புறப்படும். மலைமேல் பனி இப்போதே இறங்கிக்கொண்டிருந்தது. அவர் போனை எடுத்தார்.

"கிஷாந்த், அந்தக் கம்பித் துணியை ஒடனே அவுத்துரு."

"திரும்பவுமா? முடியாதுண்ணே. சாமி குத்தம் ஆகிப்போகும். என்ன காரணம்னு சொல்லுங்க."

முத்துலிங்கம் வாயைத் திறந்தார். நாற்பது பேர் ஏறுகிற பஸ்ஸில் எண்பது பேரை ஏற்றி, எண்பது பேருக்கும் பதில் சொன்ன வாய். காரணம் ஒரே வரிதான். எதிரே சண்முகவடிவு நின்றாள். வரி வெளியே வரவில்லை.

சண்முகவடிவு அவர் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் டெல்சியின் முகத்தை.

"ஏன் அவுக்கணும்?" என்றாள்.

டெல்சி அவள் கையைப் பிடித்து வாங்குப் பலகையில் உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மொட்டைக் கம்பின்னா விலகணும், துணின்னா ஒட்டிப் போகணும். அதானே அக்கா அவர் பாடம்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

சண்முகவடிவு ஆம் என்று தலையாட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நடுவில் தலை நின்றது.

சத்தம் போடுவாள், நெஞ்சில் அடித்துக்கொள்வாள் என்று முத்துலிங்கம் பயந்தார். அவள் அப்படியே இருந்தாள். மடியிலிருந்து பொட்டலம் கீழே விழுந்ததுகூடத் தெரியவில்லை.

"நான் கட்டும்போது தனுஷிகாதான் சூடத் தட்டு புடிச்சுக்கிட்டு நின்னுச்சு" என்றாள். "'அத்தை, நல்லா இறுக்கிக் கட்டுங்க'ன்னுச்சு."

பிறகு முத்துலிங்கத்தின் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"தம்பி, நான்தான்யா பேசுறேன். அந்தத் துணியை அவுத்துரு. கட்டுனவ சொல்றேன், குத்தம் வந்தா எனக்கு வரட்டும். புள்ளைங்க போட்டு எடுக்கிறதுக்கு முன்னால அவுத்துரு."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, டெல்சியிடம் கை நீட்டினாள். "எங்கூட்டுத் துணியைக் குடுங்க மிஸ்."

டெல்சி கொடுத்தாள். வேறு என்ன செய்ய முடியும்?

உள்ளே நீதிமன்றச் சேவகர் கூப்பிட்டார். "கணேசமூர்த்தி! கணேசமூர்த்தி! கணேசமூர்த்தி!"

நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார். "குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"ஒத்துக்கிறேங்க. நான் குடிச்..." என்ற கணேசமூர்த்தியின் கண் கடைசி வரிசை வாங்குக்குப் போயிற்று. சண்முகவடிவு நின்றுகொண்டிருந்தாள். கையில் சிவப்புத் துணி. அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"அவரு குடிக்கலைங்க சாமி" என்றாள் அவள். பொலிஸ்காரர் ஒருவர் உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. "அந்தக் கம்பியில துணி கட்டுனது நான்."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நீதவானைப் பார்த்தார். லோயர் சட்டென்று எழுந்தார். பிறகு எல்லாம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேகமாக நடந்தது. ஒப்புதல் வாபஸ், விசாரணைக்கு வேறு தேதி, அதுவரை பிணை.

வழக்கு ஒன்றில் இவ்வளவு சுத்தமாக உண்மை வெளியே வந்து முத்துலிங்கம் பார்த்ததில்லை. இவ்வளவு கேவலமாக அவருக்கு இருந்ததும் இல்லை.

ஒரு மணி தாண்டிக் கிஷாந்த் போன் பண்ணினான். துணியை அவிழ்த்துவிட்டானாம். பனி நன்றாக இறங்கிவிட்டதாம்.

பஸ் நிலையத்தில் புருஷனும் பெண்சாதியும் ஒரே வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவே இன்னும் இரண்டு பேர் உட்காரலாம். கீழே விழுந்து நசுங்கிய பொட்டலத்தின் மூன்று சுற்று முடிச்சைக் கணேசமூர்த்தி அவிழ்த்து, பாதிச் சோற்றை அவள் பக்கம் தள்ளினார். அவள் அதைத் தொடவில்லை.

"ஏன்டி சொன்னே?" என்றார்.

"புள்ளைங்க போட்டும் அந்தக் கம்பி வழியாத்தானே போகுது" என்றாள். அவ்வளவுதான்.

மஸ்கெலியா பஸ் வந்தது. முத்துலிங்கம் பழைய பழக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று இருவரையும் ஏற்றிவிட்டார். பஸ் போன பிறகும் கையை இறக்காமல் நின்றார்.

"இனி கோர்ட்டுல அந்தம்மா பேரையும் கூப்பிடுவாங்க, இல்லையா மிஸ்?"

"கூப்பிடுவாங்க."

"மூணு தடவை?"

"மூணு தடவை."

"கப்பலை அங்க போட்டுட்டுப் போனவன் பேரு?"

டெல்சி நடக்கத் தொடங்கியிருந்தாள். "அவங்க பேரை எந்தக் கேஸ் கடுதாசியிலயும் நான் பார்க்கல அண்ணே" என்றாள், திரும்பாமலே.